சக ஊழியர் மனம் சோர்ந்திருந்தால் எப்படிப் பேசுவது?

உங்கள் குழுவில் ஒருவர் கொஞ்ச நாளாகச் சரியில்லை. சேர்ந்து சாப்பிட வருவதில்லை. மீட்டிங்கில் கேமராவை அணைத்து வைக்கிறார். கண்ணை மூடிக்கொண்டு முடித்துவிடும் வேலையில்கூடத் தப்பு வருகிறது. உங்களுக்கு அது தெரிகிறது. ஆனால் கேட்டால் தப்பாக எடுத்துக்கொள்வாரோ, அவர் சொந்த விஷயத்தில் மூக்கை நுழைப்பதாகிவிடுமோ என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். அப்படித் தயங்கி நிற்பவர்களுக்காக எழுதியது இது. இதற்கு மனநலப் படிப்பு எதுவும் தேவையில்லை. கொஞ்சம் பொறுமையும், சில இடங்களில் வாயை மூடிக்கொள்ளும் பழக்கமும் போதும்.

உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2019இல் வேலை செய்யும் வயதினரில் சுமார் 15 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு மனநலக் கோளாறு இருந்தது. மனச்சோர்வாலும் பதற்ற நோயாலும் உலகம் முழுக்க ஆண்டுக்கு ஏறத்தாழ 1,200 கோடி வேலை நாட்கள் வீணாகின்றன என்பதும் அதே நிறுவனத்தின் கணக்குதான். பத்துப் பேர் வேலை பார்க்கும் அறையில் ஒருவரோ இருவரோ இதைச் சுமந்துகொண்டுதான் தினமும் வந்துபோகிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பலரும் முதல் கேள்வியை எப்படிக் கேட்பது என்பதிலேயே நின்றுவிடுகிறார்கள். முதல் தடவை கேட்டால் பெரும்பாலும் "ஒண்ணும் இல்லையே, நல்லாத்தான் இருக்கேன்" என்றுதான் பதில் வரும். சில நாள் கழித்து நீங்கள் மறுபடி கேட்கும்போதுதான், இவர் மரியாதைக்காகக் கேட்கவில்லை என்று எதிரில் இருப்பவருக்குப் புரியும். அதனால் ஒரே ஒரு பேச்சுக்கு என்று தயாராகாமல், இரண்டு மூன்று பேச்சுகளுக்கு மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். முதல் பேச்சின் பயமும் அதில் பாதி குறைந்துவிடும்.

பார்ப்பது

பொதுவான அறிகுறிப் பட்டியல்களை வைத்துக்கொண்டு ஆளை அளக்காதீர்கள். அவரை அவரோடு மட்டும் ஒப்பிடுங்கள். இயல்பிலேயே அமைதியானவர் அமைதியாக இருப்பதில் செய்தி எதுவும் இல்லை. ஓயாமல் பேசுகிறவர் வாயடைத்துப் போயிருந்தால்தான் கவனிக்க வேண்டும். அது போலத்தான் நேரம் தவறாதவர் தாமதமாக வருவது, நிதானமானவர் சின்ன விஷயத்துக்கும் எரிந்து விழுவது எல்லாம். வேறு திசையிலும் மாற்றம் வரலாம்: நள்ளிரவு தாண்டி மெயில் அனுப்புகிறார், விடுப்பே எடுப்பதில்லை, எல்லா வேலையையும் இழுத்துப் போட்டுக்கொள்கிறார். இப்படிப்பட்டவரைப் பாராட்டிவிட்டுப் போய்விடுகிறோம். அவரிடமும் ஒரு வார்த்தை கேட்க வேண்டும்.

ஒரு நாள் முகம் வாடியிருப்பது எல்லோருக்கும் உள்ளதுதான். மருத்துவர்கள் மனச்சோர்வு என்று முடிவு செய்யவே, குறைந்தது இரண்டு வாரமாவது அந்த நிலை தொடர்கிறதா என்று பார்க்கிறார்கள். ஆனால் நீங்கள் நோய்க்குப் பெயர் வைக்கப் போவதில்லை என்பதால் இரண்டு வாரம் காத்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. "உங்களுக்கு டிப்ரஷன்னு நினைக்கிறேன்" என்ற வாக்கியத்தை மட்டும் எந்தக் காலத்திலும் சொல்லாதீர்கள். அது சரியாகவே இருந்தாலும், அதைச் சொல்ல வேண்டியவர் நீங்கள் இல்லை.

கேட்பதற்கு முன் உங்களையும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். போன வாரம் அவரோடு சண்டை போட்டவர் நீங்கள்தான் என்றால், அவருக்கு நெருக்கமான இன்னொருவர் கேட்பது நல்லது. உங்களுக்கே இன்று தலைக்கு மேல் வேலை, மனசும் சரியில்லை என்றால் நாளைக்குக் கேளுங்கள். அரைமனதாகக் கேட்கும் கேள்வி, கேட்காமல் விட்டதைவிட மோசமாகப் போய் முடியும்.

இடமும் நேரமும்

அவருடைய மேஜையில் வைத்துக் கேட்க வேண்டாம். குரூப் சாட்டில் கேட்கவே வேண்டாம். நான்கு பேர் காதில் விழாத இடம், அரை மணி நேரம் யாரும் வந்து கூப்பிடாத பொழுது, இவை இரண்டும் கிடைத்தால் போதும். எதிரெதிரே உட்கார்ந்து கண்ணைப் பார்த்துப் பேசுவது பலருக்கு விசாரணை மாதிரி இருக்கும்; சேர்ந்து நடந்துகொண்டே பேசினால் வார்த்தை சுலபமாக வரும்.

"உங்ககிட்ட கொஞ்சம் பேசணும்" என்று மட்டும் மெசேஜ் அனுப்பிவிட்டு இரண்டு மணி நேரம் காணாமல் போகாதீர்கள். ஏற்கெனவே பதற்றத்தில் இருப்பவர் அதற்குள் வேலை போய்விட்டது என்றே முடிவு கட்டியிருப்பார். "வேலை விஷயம் எதுவும் இல்ல, சும்மா பேசி நாளாச்சு, மத்தியானம் ஒரு நடை போயிட்டு வரலாமா?" என்று முழுதாக எழுதுங்கள். வீட்டிலிருந்து வேலை செய்பவர் என்றால் வீடியோவைவிடக் குரல் அழைப்பு நல்லது. முகத்தைக் காட்ட வேண்டிய கட்டாயம் இல்லாதபோது சிலர் நிறையப் பேசுவார்கள். அழைப்பதற்கு முன் பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. வாரக் கடைசி நாள் மாலையில் இந்தப் பேச்சை ஆரம்பிக்காமல் இருப்பது நல்லது. எல்லாவற்றையும் கொட்டிவிட்டு, அடுத்த இரண்டு நாள் அவர் தனியாக இருக்க வேண்டி வரும். ஆபத்து என்று தோன்றினால் இந்தக் கணக்கெல்லாம் கிடையாது, உடனே பேசுங்கள்.

முதல் வாக்கியம்

நீங்கள் கண்ணால் பார்த்ததைச் சொல்லுங்கள், அப்புறம் கேள்வியைக் கேளுங்கள். "ஒரு வாரமா நீங்க சாப்பிட வர்றதில்ல, மீட்டிங்லயும் பேசறதில்ல. எப்படி இருக்கீங்கன்னு கேக்கணும்னு தோணுச்சு." இவ்வளவுதான். பார்த்ததைச் சொல்வதால் அவரால் அதைச் சட்டென்று தட்டிக்கழிக்க முடியாது. ஊகத்தைச் சேர்க்காததால் குற்றம் சாட்டுவது போலவும் இருக்காது.

"வீட்ல ஏதாவது பிரச்சனையா?" என்பது ஊகம். "ஏன் இப்படி டல்லா இருக்கீங்க?" என்பது அவருடைய தோற்றத்தைப் பற்றிய விமர்சனமாகவும் அவர் காதில் விழும். "எல்லாம் ஓகேதானே?" என்று கேட்டால், ஆமாம் என்பதைத் தவிர வேறு பதில் சொல்ல அவருக்கு நீங்கள் இடமே வைக்கவில்லை.

ஆஸ்திரேலியாவில் செப்டம்பர் மாத இரண்டாவது வியாழக்கிழமையை இதற்கென்றே ஒரு நாளாக வைத்திருக்கிறார்கள். 'ஆர் யூ ஓகே' என்ற அந்த இயக்கத்தை 2009இல் தொடங்கியவர் கேவின் லார்கின், தன் தந்தையைத் தற்கொலைக்குப் பறிகொடுத்தவர். அவர்கள் சொல்லித்தரும் படிகள் நான்கு: கேள், காது கொடு, அடுத்து ஏதாவது செய்ய ஊக்கப்படுத்து, மறுபடி வந்து விசாரி. நான்காவது படியைத்தான் நாம் மறந்துவிடுகிறோம்.

"ஒண்ணும் இல்லை" என்று பதில் வந்தால் தோண்டாதீர்கள். "சரி. எப்பவாவது பேசணும்னு தோணுச்சுன்னா நான் இருக்கேன்" என்று சொல்லிவிட்டு, பேச்சை வேறு எதற்காவது மாற்றிவிடுங்கள். கதவைத் திறந்து வைத்தாயிற்று, உள்ளே வருவது அவர் பாடு.

கேட்டுக்கொண்டிருப்பது

பேச ஆரம்பித்துவிட்டார் என்றால் கஷ்டமான பகுதி இனிமேல்தான். ஒருவர் வருத்தத்தைச் சொன்ன உடனே அதற்கு ஒரு வழி சொல்லிவிட வேண்டும் என்று நமக்குக் கை துறுதுறுக்கிறது. அலுவலகத்தில் நாள் முழுக்கப் பிரச்சனையைத் தீர்த்தே பழகியவர்களுக்கு இது இன்னும் அதிகம். அவர் மூன்றாவது வாக்கியத்துக்கு வருவதற்குள் நாம் "அப்படின்னா நீங்க ஒண்ணு பண்ணுங்க" என்று ஆரம்பித்துவிடுகிறோம். அவர் அதையெல்லாம் ஏற்கெனவே யோசித்துப் பார்த்திருப்பார். இப்போது அவருக்கு வேண்டியது, சொல்லி முடிக்கும்வரை யாராவது இருப்பது.

போனைக் கவிழ்த்து வையுங்கள். அவர் நிறுத்தினால், அந்த மௌனத்தை நீங்கள் நிரப்ப வேண்டாம். உங்களுக்கு அது ரொம்ப நேரம் மாதிரித் தெரியும். உண்மையில் சில நொடிகள்தான் ஆகியிருக்கும். பல பேர் முக்கியமான விஷயத்தை அப்படி ஒரு இடைவெளிக்குப் பிறகுதான் எடுப்பார்கள். அழுதால் அழட்டும். "அழாதீங்க" என்பது அழுகை உங்களுக்குச் சங்கடமாக இருக்கிறது என்பதைத்தான் சொல்லும். "பரவாயில்ல, மெதுவா சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுக் கூடவே இருந்தால் போதும்.

கேள்வி கேட்கலாம், ஆனால் சின்னதாகக் கேளுங்கள். "எப்பலேர்ந்து இப்படி இருக்கு?", "தூக்கம் எப்படி வருது?", "இதுல எது ரொம்பக் கஷ்டமா இருக்கு?" என்று கேட்டால் அவருக்குப் பேச வழி கிடைக்கும். "ஏன் அவர்கிட்ட அப்பவே சொல்லல?" மாதிரியான கேள்விகள் அவரைத் தற்காப்பில் நிறுத்திவிடும். நடுநடுவே நீங்கள் புரிந்துகொண்டதைத் திருப்பிச் சொல்லுங்கள்: "அப்ப வேலை அதிகம்ங்கிறதைவிட, யாரும் கண்டுக்கலைங்கிறதுதான் உங்களை அழுத்துது, இல்லையா?" தப்பாகப் புரிந்துகொண்டிருந்தால் அவரே திருத்துவார். அந்தத் திருத்தத்திலேயே விஷயம் தெளிவாகிவிடும்.

நல்லெண்ணத்தோடு சொல்லிக் காரியத்தைக் கெடுக்கும் வாக்கியங்கள் சில இருக்கின்றன. "எல்லாருக்கும்தான் கஷ்டம் இருக்கு." "உங்களைவிட மோசமான நிலையில இருக்கிறவங்களைப் பாருங்க." "மனசைப் போட்டுக் குழப்பிக்காதீங்க." "பாசிட்டிவா இருங்க." இவை எல்லாமே, இதைப் பற்றி இனி பேசாதே என்பதன் மென்மையான வடிவங்கள். "எனக்கும் இப்படித்தான், ஒரு தடவை..." என்று உங்கள் கதையை எடுப்பதும் அதே வகைதான். ஒரு வரியோடு நிறுத்தினால் ஆறுதல். பத்து நிமிடம் போனால் இப்போது அவர் உங்களுக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருப்பார். யோசனை ஒன்று சொல்லியே ஆக வேண்டும் போலிருந்தால் முதலில் அனுமதி கேளுங்கள்: "நான் ஏதாவது சொல்லட்டுமா, இல்ல கேட்டுக்கிட்டா போதுமா?"

நடுவில் "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க" என்று வரும். முழுச் சத்தியம் பண்ணாதீர்கள். "நீங்க சொல்றது என்னோட இருக்கும். உங்க உயிருக்கோ இன்னொருத்தருக்கோ ஆபத்துன்னு தோணினா மட்டும் நான் உதவி கேக்க வேண்டி வரும், அதையும் முதல்ல உங்ககிட்ட சொல்லத்தான் பார்ப்பேன்" என்று நேராகச் சொல்லுங்கள். இந்த நிபந்தனையைக் கேட்டுப் பேச்சை நிறுத்துகிறவர்கள் குறைவு. மற்றபடி, கேட்டதை அக்கறை என்ற பெயரில்கூட வேறு யாரிடமும் கொண்டுபோகாதீர்கள். அலுவலகத்தில் அது எவ்வளவு வேகமாகப் பரவும் என்று உங்களுக்கே தெரியும்.

தற்கொலை எண்ணம் இருக்குமோ என்று தோன்றினால்

"நான் இல்லாம போனா எல்லாருக்கும் நிம்மதி", "இனிமே எதுக்கும் அர்த்தம் இல்ல" போன்ற பேச்சு, பிடித்த பொருட்களை மற்றவர்களுக்குக் கொடுத்துவிடுவது, விடைபெறுகிற தொனியில் பேசுவது, நெடுநாள் தவிப்புக்குப் பிறகு காரணமில்லாமல் திடீரென்று வரும் அமைதி, இவற்றை லேசாக விடக் கூடாது.

நேராகக் கேட்க வேண்டும். கேட்டால் நாமே அந்த எண்ணத்தை ஊட்டிவிடுவோம் என்ற பயம் பலருக்கு இருக்கிறது. ஆய்வுகள் அதை ஆதரிக்கவில்லை. வெளிப்படையாகக் கேட்பது பலருக்கு ஒரு விடுதலையாகவே இருக்கிறது. "தற்கொலை பண்ணிக்கலாம்னு தோணுதா?" என்று அந்தச் சொல்லையே பயன்படுத்திக் கேளுங்கள். "அந்த மாதிரி முட்டாள்தனமா எதுவும் யோசிக்கலியே?" என்று கேட்டால் இல்லை என்ற பதிலை நீங்களே அவர் வாயில் வைத்துவிடுகிறீர்கள்.

ஆமாம் என்று சொன்னால் அதிர்ச்சியைக் காட்டாமல், "சொன்னது நல்லதாப் போச்சு" என்று சொல்லுங்கள். எப்படி, எப்போது என்று யோசித்திருக்கிறாரா, அதற்கான பொருள் கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறதா என்று கேளுங்கள். இருக்கிறது என்றால் அவரைத் தனியாக விடக் கூடாது. உங்கள் நாட்டின் அவசர உதவி எண்ணையோ தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணையோ கூட இருந்தே அழையுங்கள். அந்தப் பொருள் அவர் கைக்குக் கிடைக்காமல் செய்யுங்கள். அவர் நம்பும் ஒருவர் வந்து சேரும்வரை நகராதீர்கள். ரகசியம் பற்றிப் பேசியதெல்லாம் இங்கே செல்லாது. அந்த எண்களை இன்றைக்கே தேடிப் போனில் சேமித்து வையுங்கள், தேவைப்படும் நேரத்தில் தேடிக்கொண்டிருக்க முடியாது.

இந்தப் பகுதியைப் படித்துவிட்டு, இதெல்லாம் என்னால் முடியுமா என்று தோன்றினால் மனநல முதலுதவிப் பயிற்சிக்குப் போய்வாருங்கள். 2000ஆம் ஆண்டு பெட்டி கிச்சனரும் டோனி ஜார்மும் ஆஸ்திரேலியாவில் தொடங்கிய பயிற்சி அது. இப்போது பல நாடுகளில் நடத்துகிறார்கள். மேற்சொன்ன கேள்விகளை வாய்விட்டுக் கேட்டுப் பழக்குவார்கள். வாசித்துத் தெரிந்துகொள்வதற்கும் ஒரு தடவை வாயால் சொல்லிப் பார்ப்பதற்கும் நிறைய வித்தியாசம்.

அடுத்து என்ன

எல்லாம் சொல்லி முடித்த பிறகு ஒரே ஒரு சின்ன வேலையோடு எழுந்திருங்கள். மருத்துவரைப் பார்ப்பது அந்த வேலையாக இருக்கலாம். மனநல மருத்துவர் என்றதும் தயங்குகிறவரிடம், முதலில் வழக்கமாகப் பார்க்கும் மருத்துவரிடமே பேசலாம் என்று சொல்லுங்கள். பல பெரிய நிறுவனங்களில் ஊழியர் உதவித் திட்டம் என்று ஒன்று உண்டு. அதில் பெரும்பாலும் வெளி ஆலோசகர்களோடு சில அமர்வுகள் இலவசமாகப் பேசலாம். அங்கே பேசுவது நிறுவனத்துக்குப் போகுமா போகாதா என்ற விதியை நீங்களே முன்கூட்டிப் படித்து வைத்திருந்தால், அவர் கேட்கப்போகும் முதல் கேள்விக்குப் பதில் தயாராக இருக்கும்.

"போய் டாக்டரைப் பாருங்க" என்று சொல்வது சுலபம். அந்த நிலையில் இருப்பவருக்கு ஒரு எண்ணை அழைத்து நேரம் குறிப்பதே மலையாகத் தெரியும். "இப்பவே கூப்பிடலாமா, நான் பக்கத்துல இருக்கேன்" என்பதும், "அன்னிக்கு மத்தியானம் உங்க வேலையை நான் பார்த்துக்கறேன்" என்பதும்தான் உதவி. மனச்சோர்வுக்கான மாத்திரைகள் வேலை செய்ய ஆரம்பிக்கவே சில வாரங்கள் ஆகும் என்பதையும் தெரிந்து வையுங்கள். பத்து நாளில் பலன் இல்லை என்று அவர் மனம் தளரும்போது, மருத்துவரைக் கேட்காமல் நிறுத்த வேண்டாம் என்று சொல்ல அது உதவும்.

சில சமயம் கோளாறு வேலையிலேயே இருக்கும். 'பர்ன் அவுட்' என்கிறோமே, அதை உலக சுகாதார நிறுவனம் தன் நோய் வகைப்பாட்டில் நோயாகச் சேர்க்கவில்லை. சரியாகக் கையாளப்படாத, நீடித்த பணியிட அழுத்தத்தின் விளைவு என்று வைத்திருக்கிறது. மூன்று பேர் செய்ய வேண்டியதை ஒருவர் செய்துகொண்டிருந்தால், அவருக்கு எவ்வளவு காது கொடுத்தும் ஞாயிற்றுக்கிழமை இரவு அவருக்குத் தூக்கம் வராது. 2022இல் வெளிவந்த அந்நிறுவனத்தின் பணியிட மனநல வழிகாட்டுதல்களும் வேலைச் சூழலை மாற்றுவதை ஒரு வழியாக முன்வைக்கின்றன. அப்படிப்பட்ட இடத்தில் நீங்கள் செய்யக்கூடியது, மேலாளரிடம் என்ன கேட்கலாம் என்று அவரோடு உட்கார்ந்து எழுதிப் பார்ப்பது: கெடு தேதியைத் தள்ளுவது, ஷிப்ட் மாற்றுவது, ஒரு பொறுப்பைக் கொஞ்ச காலம் வேறொருவருக்குக் கொடுப்பது. காரணம் துன்புறுத்தலோ மிரட்டலோ என்றால் புகார் கொடுக்கும் வழியைக் காட்டுங்கள், கூட வருவதாகச் சொல்லுங்கள். கொடுப்பதா வேண்டாமா என்ற முடிவு அவருடையது.

நீங்கள் மேலாளராக இருந்தால் இரண்டு விஷயம். நலம் விசாரிக்கும் பேச்சையும் வேலையின் தரத்தைப் பற்றிய பேச்சையும் ஒரே உட்காரலில் கலக்காதீர்கள். அப்புறம் நீங்கள் எப்போது நலம் விசாரித்தாலும் அவர் பயப்படுவார். உங்கள் அதிகாரத்தில் இல்லாத சலுகையை அந்த நேரத்து இரக்கத்தில் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

இரண்டாவது பேச்சு

மூன்று நான்கு நாள் கழித்துப் போய்ப் பேசுங்கள். நாட்காட்டியில் உங்களுக்கு மட்டும் புரியும்படி குறித்து வைப்பதில் தப்பில்லை. முதல் தடவை ஒன்றும் இல்லை என்றவரிடம், "அன்னிக்குக் கேட்டேன், இன்னும் மனசுல ஓடிக்கிட்டே இருக்கு, அதான் வந்தேன்" என்று மட்டும் சொல்லிப் பாருங்கள். முதல் தடவையே எல்லாம் சொன்னவரிடம் "இப்ப சரியாயிடுச்சா?" என்று கேட்காதீர்கள், சரியாகவில்லை என்றால் அவர் உங்களை ஏமாற்றியது போல உணர்வார். "இந்த வாரம் எப்படிப் போகுது?" என்பது பாதுகாப்பான கேள்வி. டாக்டரைப் பார்த்தாரா என்று தணிக்கை செய்யவும் வேண்டாம். பார்க்கவில்லை என்று அவரே சொன்னால், எது தடையாக இருந்தது என்று கேளுங்கள்.

மனம்விட்டுப் பேசியவர் மறுநாள் உங்களைத் தவிர்க்கலாம். ரொம்பச் சொல்லிவிட்டோமோ என்ற கூச்சம் அது. எதுவும் நடக்காதது போல வழக்கமான வேலைப் பேச்சைப் பேசுங்கள், சாப்பிடப் போகும்போது கூப்பிடுங்கள். அவருக்கு வேலை கொடுக்கத் தயங்குவதும், அவர் எதிரில் குரலைத் தாழ்த்துவதும், மற்றவர்கள் முன் கூடுதல் கரிசனம் காட்டுவதும் அவரை இன்னும் ஒதுக்கி வைக்கும். நீண்ட விடுப்பிலிருந்து திரும்புகிறவர் என்றால், வருவதற்கு முன்பே ஒரு விஷயம் கேட்டுவிடுங்கள்: "யாராவது கேட்டா என்னன்னு சொல்லட்டும்?" அவர் சொல்வதை அப்படியே சொல்லுங்கள், ஒரு வார்த்தை கூட்டவும் வேண்டாம்.

இதற்கிடையில் உங்கள் எல்லையையும் சொல்லி வைக்க வேண்டும். இரவு இரண்டு மணிக்கு வரும் அழைப்புகளைத் தினமும் எடுத்தால், ஒரு மாதத்தில் அவர் பெயரைப் பார்த்தாலே உங்களுக்கு அயர்ச்சி வரும், அவருக்கும் அது தெரிந்துவிடும். "ராத்திரி பத்து மணிக்கு மேல நான் போன் பார்க்க மாட்டேன், அந்த நேரத்துல தாங்க முடியலைன்னா இந்த ஹெல்ப்லைனைக் கூப்பிடுங்க, காலையில நான் பேசறேன்" என்று எண்ணோடு சேர்த்துச் சொல்லுங்கள். கேட்டதெல்லாம் உங்கள் தூக்கத்தைக் கெடுக்கிறது என்றால் நீங்களும் ஒரு ஆலோசகரிடம் பேசலாம். அவர் பெயரையோ எந்தக் குழு என்பதையோ சொல்ல வேண்டியதில்லை.